ஆட்டைக்குச் சேரக் கற்றுக்கொடுப்பது எப்படி?

குழந்தையைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்கள் என்னிடம் கேட்பதில் பாதி சாப்பாட்டைப் பற்றியது, மீதி விளையாட்டைப் பற்றியது. "யார்கூடவும் சேர மாட்டேங்கான் டீச்சர்", "கையில இருக்கதக் குடுக்கவே மாட்டேங்கா", "எல்லாரும் இவள விட்டுட்டு விளையாடுதாங்களாம், ராத்திரி அழுதா." கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் நான் பணியாளர். இங்கே அம்மாக்கள் பலர் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலையில் வாசலில் நின்று பேச அவர்களுக்கு நேரம் கிடையாது. துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

"போ, போய் அவங்களோட சேர்ந்து விளையாடு" என்று சொல்லி அனுப்பினால் குழந்தைக்குச் சேர வராது. எப்படி உள்ளே போவது, எப்படிக் கேட்பது, எப்படிக் காத்திருப்பது, பிடுங்கினால் என்ன சொல்வது, இவை ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. சட்டைப் பித்தான் போடச் சொல்லித்தருவது போல, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, மறுபடி மறுபடி செய்துகாட்டித்தான் இதையும் தர முடியும்.

முதலில் வயதைப் பாருங்கள்

அமெரிக்காவில் மினசோட்டாவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் விளையாடுவதைப் பொறுமையாகக் கவனித்து 1932-இல் எழுதினார். தனியாக விளையாடுவது, பிறர் விளையாடுவதை நின்று பார்ப்பது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே விளையாட்டைத் தனித்தனியாக விளையாடுவது, பேச்சும் பொருளும் கைமாறுவது, கடைசியில் ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டு ஒன்றாக ஆடுவது என்று அவர் வகை பிரித்தார். இன்றைக்கும் எங்கள் மண்தொட்டியில் இதை அப்படியே பார்க்கலாம்.

இரண்டரை வயதுப் பிள்ளைகள் இருவர் ஆளுக்கொரு சிரட்டையை வைத்துக்கொண்டு மண் இட்லி அவிப்பார்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஆனால் ஒருவன் தண்ணீர் ஊற்றினால் அடுத்தவனும் ஊற்றுவான். ஒருவன் எழுந்து போனால் மற்றவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான். அந்த வயதுக்குச் சேர்ந்து விளையாடுவது என்றால் அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு "தனியாவே இருக்கான்" என்று கவலைப்பட வேண்டாம். மூன்று, மூன்றரை வயதில் "இந்தா", "எனக்கு", "உனக்கு" வரும். நான்கு வயதைத் தாண்டும்போது "நான் அம்மா, நீ பாப்பா, இவன் டாக்டர்" என்று ஆள் பிரிப்பார்கள்.

இன்னொன்று. ஐந்து வயதுக் குழந்தைகூடச் சில நாள் ஒரு மூலையில் உட்கார்ந்து தனியாகவே அட்டைப்பெட்டி அடுக்கும். அது மும்முரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நின்று பார்க்கிற குழந்தையையும் இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தாதீர்கள். அது சும்மா நிற்கவில்லை. யார் தலைவன், எது வீடு, எது கடை, எந்த வார்த்தை சொன்னால் சிரிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொள்கிறது.

உள்ளே நுழைகிற வழி

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். விளையாடிக்கொண்டிருக்கும் நான்கு பேரிடம் போய் ஒரு குழந்தை "என்னையும் சேத்துக்கோங்க" என்று கேட்டால் பெரும்பாலும் "முடியாது" என்றுதான் பதில் வரும். கெட்ட எண்ணத்தால் அப்படிச் சொல்வதில்லை. இந்த வயதில் ஒரு விளையாட்டை நிலைநிறுத்துவதே பெரும்பாடு. இப்போதுதான் வீடு கட்டி, அடுப்பு வைத்து, யார் அம்மா என்று சண்டையெல்லாம் போட்டு முடித்திருப்பார்கள். புதிதாக ஒருவர் வந்தால் எல்லாம் கலைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். மழலையர் பள்ளிகளில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தே ஆய்வு செய்த வில்லியம் கொர்சாரோ என்ற சமூகவியலாளர், குழந்தைகள் தங்கள் விளையாட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பிறரைத் தடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு நிறைய விளங்கியது.

ஆகவே நேரடியாகக் கேட்பதைவிட வேறு வழி சொல்லித்தர வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் போய், அவர்கள் செய்வதையே தானும் செய்ய வேண்டும். அவர்கள் மண் இட்லி அவித்தால் இவனும் அவிக்கட்டும். அதன்பிறகு அந்த விளையாட்டுக்கு ஆகிற ஏதாவது ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். சொப்புச் சாமான் வைத்துச் சமைக்கிறார்களா? ஒரு கை இலை பறித்துக்கொண்டு போய் "கீரை கீரை, கீரை வாங்கலையா?" என்று கேட்கலாம். கல்யாண வீடா? "நான் பந்தி பரிமாறுதேன்." ஆஸ்பத்திரியா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தாலே போதும், ஊசி போடச் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். நோயாளி கிடைக்காத டாக்டர்கள் எங்கள் மையத்தில் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

பெரியவர்கள் எப்படி உதவலாம் என்பதற்கு எங்கள் பஸ் விளையாட்டைச் சொல்கிறேன். பாயை நீளமாக விரித்தால் அது பஸ். முன்னால் ஒருவன் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்திருப்பான். கண்டக்டரிடம் கிழித்த பழைய காலண்டர் தாள் டிக்கெட்டாக இருக்கும். கூச்சப்படுகிற குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறுவேன். "கோவில்பட்டிக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க" என்பேன். முதல் நாள் நான்தான் டிக்கெட் வாங்குவேன். அடுத்த நாள் காசாக ஒரு இலையைக் குழந்தையின் கையில் கொடுத்து வாங்கச் சொல்வேன். வண்டி கொஞ்ச தூரம் போனதும் "நான் இந்த ஸ்டாப்ல எறங்கிக்கிடுதேன், பாப்பா கோவில்பட்டி வரைக்கும் வரும், பத்திரமாப் பாத்துக்கோங்க கண்டக்டர்" என்று சொல்லி இறங்கிவிடுவேன். குழந்தை பஸ்ஸுக்குள் இருக்கும், அதற்குப் பொறுப்பாக ஒரு கண்டக்டரும் இருப்பான். வீட்டிலும் இதைச் செய்யலாம். சேர்ந்து ஏறுங்கள், சீக்கிரம் இறங்கிவிடுங்கள். கடைசிவரை கூடவே உட்கார்ந்திருந்தால் எல்லாப் பிள்ளைகளும் உங்களைப் பார்த்துத்தான் விளையாடுவார்கள், ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள்.

பொருளையும் இடத்தையும் சரிசெய்தால் பாதிச் சண்டை இல்லை

மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே பொருள் இரண்டு மூன்று வேண்டும். ஐந்து விதமான கார் இருப்பதைவிட ஒரே மாதிரி மூன்று டப்பா இருப்பது நல்லது. ஒருவன் தட்டும்போது மற்றவனும் தட்டலாம், அதுதான் அவர்களுக்குச் சந்தோஷம். நான்கு வயதுக்கு மேல் இதை மாற்றுங்கள். இரண்டு பேர் இல்லாமல் நடக்காத பொருளை வையுங்கள். பழைய சேலையின் நான்கு மூலையை நான்கு பேர் பிடித்து நடுவில் பந்தைத் துள்ளவிடுவது, இரண்டு பக்கம் பிடி உள்ள கூடையில் மணல் சுமப்பது, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் ஒருவர் உட்கார மற்றவர் இழுப்பது. சேலைப் பந்து விளையாட்டில் ஒருவன் வேகமாக உதறினால் பந்து விழுந்துவிடும். "மெதுவா, மெதுவா" என்று மற்றவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

எங்கள் ஊரில் தீப்பெட்டியின் காலிக் கூடு எளிதாகக் கிடைக்கும். மருந்து படாத புதுக் கூடாக வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றுக்குள் ஒன்று செருகி ரயில் விடுவதற்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. ரயில் நீளமாக வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவனின் கூட்டையும் சேர்த்தாக வேண்டும். புளியங்கொட்டை, மணி, பட்டாணி போன்ற சின்னப் பொருட்களை மட்டும் சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். மூக்குக்குள் போகும், தொண்டையில் சிக்கும்.

கூட்டமும் பெரிதாக வேண்டாம். புதுக் குழந்தையையும் சேர்த்து இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் வந்தாலே ஒருவர் வெளியே நிற்க நேரிடும்.

முறை வைத்து விளையாடுவது

"குடுத்துட்டு விளையாடு, நல்ல புள்ளைல்லா" என்று சொல்லிக் கையில் இருப்பதை வாங்கி அழுகிற பிள்ளையிடம் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதை நான் ஏற்பதில்லை. கையில் வைத்திருந்த குழந்தைக்கு அதிலிருந்து தெரிவது, அழுதால் கிடைக்கும் என்பதும், பெரியவர்கள் பிடுங்குவார்கள் என்பதும்தான். அதற்குப் பதிலாக இருவருக்கும் வார்த்தை கொடுங்கள். கேட்கிறவனுக்கு: "நீ விளையாண்டு முடிச்சதும் எனக்குத் தா." வைத்திருப்பவனுக்கு: "இன்னும் முடிக்கல, முடிச்சதும் தாரேன்." அப்புறம் நீங்கள் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். அவன் வைத்துவிட்டு எழுந்ததும், காத்திருந்தவனை ஞாபகமாகக் கூப்பிட்டுக் கையில் கொடுங்கள். நீங்கள் மறந்துவிட்டால் அடுத்தமுறை அவன் காத்திருக்கமாட்டான்.

ஊஞ்சலுக்கு இது ஒத்துவராது, அங்கே எண்ணிக்கை வேண்டும். 20 ஆட்டம், எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ணுவது. காத்திருப்பவனுக்கும் அப்போது ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. எண்ணத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு முடியும்வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

குலைகுலையா முந்திரிக்காய் மாதிரி வட்டமாக உட்கார்ந்து ஆடுகிற ஆட்டங்கள் முறைக்குக் காத்திருக்க நல்ல பயிற்சி. ஆனால் தோற்றவர் வெளியே போகிற ஆட்டங்களை இந்த வயதில் வைக்காதீர்கள். யாருக்குப் பழக்கம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். நாற்காலிச் சுற்று விளையாட்டை நாங்கள் பாயில் ஆடுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் பாயைத்தான் மடித்துச் சின்னதாக்குவோம், ஆளை வெளியேற்றுவதில்லை. கடைசியில் எல்லாரும் ஒருவர் மடியில் ஒருவர் ஏறி, விழாமல் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். சிரிப்பு அடங்க நேரமாகும்.

தெருவில் ஆடும்போது பெரிய பிள்ளைகள் சின்னவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். அவன் அவுட் ஆகமாட்டான், ஆனால் கூடவே ஓடுவான். ஆட்டத்தின் விதிகளை அவன் படிப்பது அப்படித்தான். எங்கள் மையத்தில் கால் சரியாக ஊன்ற முடியாத ஒரு பிள்ளை இருப்பதால் நாங்கள் அந்தச் சொல்லைச் சுருக்கி "ஒப்புக்கு" என்று மட்டும் சொல்கிறோம். அந்தப் பிள்ளையை நாங்கள் ஒப்புக்கு வைப்பதில்லை. எல்லாரும் உட்கார்ந்தபடியே நகர்ந்து தொட்டுப் பிடிக்க வேண்டும் என்று ஆட்டத்தை மாற்றிவிட்டோம். அதில் அவன்தான் வேகம்.

சண்டை வந்தால்

இருவருக்கும் நடுவில் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பேசினால் குழந்தைகளுக்குத் தீர்ப்பு மட்டும்தான் காதில் விழும். சண்டைக்குக் காரணமான பொருளை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "ரெண்டு பேருக்கும் இந்த வாளி வேணும். இவன் அழுதான். உனக்குக் கோபம்." பிறகு "என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த மௌனம்தான் பெரியவர்களுக்குக் கஷ்டம். நான்கு வயதுப் பிள்ளைகள் ஆச்சரியமாக ஏதாவது சொல்வார்கள். ஒருவன் "அவன் தண்ணி ஊத்தட்டும், நான் தூக்குதேன்" என்றான். நாமாக இருந்தால் இன்னொரு வாளியைத்தான் தேடியிருப்போம்.

மூன்று வயதுப் பிள்ளையிடம் "அவன் மனசு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு" என்று சொல்லிப் பயனில்லை. அடுத்தவர் நினைப்பது தன் நினைப்பிலிருந்து வேறாக இருக்கும் என்பது ஏறக்குறைய 4 வயதில்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடத் தொடங்குகிறது. ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்ற இருவர் 1983-இல் ஒரு சாக்லேட் கதையை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார்கள். கதையில் வரும் பையன் இல்லாதபோது அவன் அம்மா சாக்லேட்டை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுவார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் இப்போது சாக்லேட் இருக்கும் இடத்தையே காட்டும். அவனுக்குத் தெரியாதே என்று அவர்களுக்குத் தோன்றாது. அதனால் சிறு பிள்ளைகளிடம் கண்ணுக்குத் தெரிவதைக் காட்டுங்கள்: "அவன் கன்னத்தப் பாரு, கண்ணீர் வருது. அவனுக்கு வலிக்கு."

அடித்தாலோ கடித்தாலோ கையைத் தடுங்கள், "அடிக்க விடமாட்டேன்" என்று ஒருமுறை உறுதியாகச் சொல்லுங்கள், முதலில் அடிபட்ட பிள்ளையிடம் போங்கள். "சாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்த வேண்டாம். வாயால் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். அடித்த பிள்ளையின் கையில் ஈரத் துணியைக் கொடுத்து ஒத்தி விடச் சொல்லுங்கள், தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். தன் கையால் வந்த வலியைத் தன் கையால் ஆற்ற அதற்கு ஒரு வழி கிடைக்கும். கடிக்கிற பிள்ளைக்குப் பதிலுக்குக் கடித்துக் காட்டுகிற பழக்கம் சில பாட்டிமாரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

"அடிச்சா திருப்பி அடிச்சிட்டு வா" என்று சொல்லி அனுப்புகிற அப்பாக்களிடம் நான் தனியாகப் பேசுவேன். பிள்ளை ஏமாளியாகிவிடக் கூடாது என்கிற அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதற்கு வேறு பலம் தரலாம். உள்ளங்கையை முன்னால் நீட்டி, நிமிர்ந்து நின்று, "அடிக்காத! எனக்குப் பிடிக்கல!" என்று உரக்கச் சொல்ல வீட்டில் பழக்குங்கள். அப்பா அடிக்க வருவது போல நடிக்கட்டும், பிள்ளை கையை நீட்டட்டும். அதையும் மீறி அடித்தால் டீச்சரிடம் வருவது கோள் சொல்வதாகாது என்றும் சொல்லிவையுங்கள்.

டூ விடுவதையும் பழம் விடுவதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். காலையில் டூ விட்டவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் பழம் விட்டிருப்பார்கள். அதற்குள் அம்மாக்கள் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

"அவகூடச் சேராத"

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நான்கு வயதுப் பிள்ளை "அந்தத் தெருக்காரங்க கூட உக்கார மாட்டேன்" என்று சொன்னால், அது வீட்டில் கேட்ட வார்த்தை. "நீ கறுப்பு, நீ இளவரசி இல்ல" என்பதும் அப்படித்தான். ஒரு பிள்ளை களைப்பாக இருக்கிறது, இப்போது தனியாக விளையாட வேண்டும் என்றால் "இப்ப வேண்டாம்" என்று சொல்ல உரிமை உண்டு. ஆனால் தெருவையோ நிறத்தையோ துணியையோ காட்டி ஒருவரை வேண்டாம் என்று சொல்ல எங்கள் மையத்தில் இடமில்லை. பிள்ளைகளிடம் அதைச் சத்தம் போடாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறேன்: "இங்க எல்லாரும் விளையாடலாம்." பெற்றோரிடம் வீட்டுக்கே போய்ப் பேசுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் கலர் அட்டை எடுத்து, ஒரே கலர் கிடைத்தவர்கள் சேர்ந்து உட்கார வைக்கிறோம். யாரோடு என்று நாங்களும் தேர்ந்தெடுப்பதில்லை, பிள்ளைகளும் தேர்ந்தெடுப்பதில்லை.

கூச்சப்படுகிற குழந்தைக்கு

அது காதில் விழும்படி "இவ கூச்ச சுபாவம்" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். ஒரே ஒரு தோழியில் தொடங்குங்கள். மையத்தில் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு வேலை கொடுப்பேன்: தட்டு எடுத்துவைப்பது, பாய் சுருட்டுவது, செடிக்குத் தண்ணீர். பேச்சு வராத பிள்ளைக்கும் கையில் வேலை இருந்தால் பக்கத்தில் நிற்க வரும். வீட்டில் என்றால் சனிக்கிழமை ஒரு பிள்ளையை ஒரு மணி நேரம் அழைத்து வாருங்கள். அழுகையில் முடிவதற்கு முன், சந்தோஷமாக இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். யாருக்கும் தர மனம் வராத பொம்மை இருந்தால் முன்பே பீரோவில் எடுத்துவைத்துவிடலாம், அதில் தப்பே இல்லை. செல்போனை எடுக்கவே வேண்டாம். அது வந்ததும் இருவரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, விரலை நீட்டி எதையும் காட்டாத குழந்தை, வந்த பேச்சு நின்றுபோன குழந்தை, மூன்று வயது தாண்டியும் பொய்யாகச் சமைப்பது, தூங்குவது போன்ற பாவனை விளையாட்டே இல்லாத குழந்தை, இவர்களைக் கூச்சம் என்று விட்டுவிடக் கூடாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு 2 முறை அங்கன்வாடிக்கு வரும். அன்றைக்குக் குழந்தையைத் தவறாமல் கொண்டுவாருங்கள், அதுவரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகலாம். தேவையென்றால் மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சீக்கிரம் போனால் குழந்தைக்கு நல்லது, பயப்பட ஒன்றுமில்லை.

சாயங்காலம் கூட்டிப்போகும்போது கேட்கிற கேள்வியையும் கொஞ்சம் மாற்றுங்கள். "இன்னைக்கு உன்ன யாரு அடிச்சா?" என்று தினமும் கேட்டால் பிள்ளை தினமும் ஒரு பெயர் சொல்லும். "மண்ணுல யாரோட விளையாண்ட? என்ன கட்டுனீங்க? யாரு சிரிக்க வச்சா?" என்று கேளுங்கள். "யாரும் இல்ல" என்ற பதில் ஒரு நாள் வந்தால் பரவாயில்லை. வாரம் முழுக்க அதே பதில் வந்தால் மறுநாள் காலையில் இரண்டு நிமிடம் முன்னதாக வந்து என்னிடம் சொல்லுங்கள். யார் பக்கத்தில் உட்காரவைக்கலாம், எந்த வேலையைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அன்றைக்கே பார்த்துவிடலாம்.